தீவனம் வாங்குவதிலும் கணக்கு வேண்டும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஓரிரு கறவை மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகள் கலப்புத் தீவனம் வாங்குவதில் இரு வகையினர். ஒரு சாரார் தீரத் தீர ஒவ்வொரு மூட்டையாக வாங்குவர். மறு சாரார் நெல் விற்ற பணம் கையில் இருக்கும்போதே ஆண்டு முழுமைக்கும் வாங்கி அடுக்கிவிடுவர். இருவருமே நஷ்டப்படுகின்றனர் என்பது என் கருத்து.

தீவனம் வாங்கப் போகும்போதெல்லாம் வண்டி வாடகையும் அரை நாள் வேலையும் போகின்றன. வாங்கி வைத்த மூட்டைக்கோ முடங்கிய பணத்தின் வட்டி, எலிச் சேதம், பூஞ்சாணம் ஆகிய செலவுகள் உண்டு. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று ஏறும். இரண்டும் சமமாகும் இடமே சிக்கனமான அளவு. இதற்கான சூத்திரத்தை 1913-ல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் தொழிற்சாலைகளுக்காக வெளியிட்டார். நம் மாட்டுக் கொட்டகைக்கும் அது பொருந்தும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நாளொன்றுக்கு 5 கிலோ தீவனம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 36 மூட்டை (மூட்டை 50 கிலோ). ஒரு தடவை போய்வரும் செலவு 200 ரூபாய். மூட்டை விலை 1,200 ரூபாய் என்று கொள்வோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் ஆண்டுக்கு 288 ரூபாய். சேதம் 112 ரூபாய். ஆக, ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருக்கும் செலவு 400 ரூபாய்.

ஆண்டுத் தேவையையும் ஒரு தடவைச் செலவையும் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, 400-ஆல் வகுத்தால் 36 வரும். இதன் வர்க்கமூலம் 6. ஆகவே தடவைக்கு 6 மூட்டை, இரண்டு மாதத்திற்கு ஒரு முறை வாங்க வேண்டும்.

வாங்கிய தீவனம் நாளுக்கு நாள் குறைவதால் சராசரி இருப்பு அதில் பாதிதான். அதன்படி 6 மூட்டையாக வாங்கினால் ஆண்டுச் செலவு 2,400 ரூபாய். ஒவ்வொன்றாக வாங்கினாலும், 36-ஐயும் ஒரேயடியாக வாங்கினாலும் 7,400 ரூபாய்! நான்கு மூட்டையாக வாங்கினால் 200 ரூபாய்தான் கூடும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கோடு நிறுத்துவது நலம். பூஞ்சாணத்தின் அஃப்லாடாக்சின் நஞ்சு பாலிலும் இறங்கும்.

இருபது மூட்டை எடுத்தால் மூட்டைக்கு 10 ரூபாய் தள்ளுபடி என்பார் கடைக்காரர். ஆண்டுக்கு மிச்சம் 360 ரூபாய். இருப்புச் செலவோ 4,000 ரூபாய்.

இதைவிடச் சிறந்த வழி ஒன்றுண்டு. நான்கு வீட்டார் சேர்ந்து, முறை வைத்து ஒருவர் போய், ஒரே வண்டியில் ஏற்றி வரட்டும். ஆளுக்கு 200 ரூபாய் 50 ஆகும். அப்போது தடவைக்கு 3 மூட்டை போதும். ஆண்டுச் செலவும் 1,200 ரூபாயாகப் பாதியாகும். தீவனமும் புதிதாக இருக்கும்.

உரத்தைப் பருவத்தில்தான் போடுகிறோம். அதற்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அன்றாடம் செலவாகும் பொருளுக்கே பொருந்தும். விலையும் வட்டியும் இடத்திற்கு இடம் மாறும். அவரவர் தம் தொகையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்குக் காட்டாதவர் வாரியத்திற்கு வரக்கூடாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிய ஊர் நம்முடையது. கொட்டகைக் கணக்கு நமக்குப் பாரமாகுமா?