அளவு கருவியின் மர்மம்

வாழப்பாடிச் சுற்றுவட்டாரத்தில் மரவள்ளி பயிரிடும் குடியானவர்களுக்குப் 'பாயிண்ட்' என்னும் சொல் எத்துணைக் கவலை தருவது என்பதை நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. கிழங்கு ஆலைக்குச் சென்றதும் அதன் மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்று கணிக்கப்படுகிறது. விலையும் அதைப் பொறுத்ததே. பாயிண்ட் குறைத்துக் காட்டப்படுகிறதென்ற முறையீடு சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் வெகுகாலமாக இருந்து வருகிறது. அது மெய்யா பொய்யா என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. சோதித்தறியும் மார்க்கமின்றிக் குடியானவன் நிற்பதே நமக்கு விசனமளிக்கிறது.

மாவுச்சத்து ஏறினால் கிழங்கின் அடர்த்தியும் ஏறும். அதை நீருக்குள் நிறுத்து அறியலாம். அடர்த்தி 1.10 ஆயின் 5 கிலோ கிழங்கு நீருக்குள் சுமார் 455 கிராம் நிற்கும்; 1.12 ஆயின் சுமார் 536 கிராம். ஏறக்குறைய 80 கிராம் வித்தியாசத்தில் ஒரு லாரிச் சரக்கின் தலைவிதி அடங்கியிருக்கிறது! கல்லும் மண்ணும் கலந்தால் கணக்குக் கெடுமென்று ஆலைக்காரர் முணுமுணுப்பதிலும் நியாயமுண்டு.

இத்தகைய அளவுகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் சாதனம் நம் தேசத்திலேயே உருவாகியிருக்கிறது. புதுடில்லி இன்டர் யூனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர் 2004-ம் வருஷம் 'பீனிக்ஸ்' திட்டத்தை ஆரம்பித்தது. ஸ்ரீ பி. பி. அஜித் குமார் முன்னின்று நடத்திய அம்முயற்சியின் பயனே 'எக்ஸ்பைஸ்' என்னும் சிறு பெட்டி. ஆஸிலாஸ்கோப், வோல்ட்மீட்டர், அலைகளை உண்டாக்கும் கருவி ஆகிய மூன்றின் வேலையையும் அது செய்யும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட அதன் மென்பொருளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். திருத்தி வழங்குவோர் தம் திருத்தத்தையும் மறைக்காமல் தர வேண்டுமென்பது குனு லைசென்ஸின் நிபந்தனை. மின்சுற்றுப் படமும் பகிரங்கமானதே.

விலை மலிவைப் பற்றியே சிலர் புகழ்கின்றனர். நமது அபிப்பிராயத்தில் அது இரண்டாம் பட்சம். மூடிய கருவி ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண் எப்படி வந்ததென்று கேட்க வாங்கியவனுக்கு வழியில்லை. பழுதானால் கம்பெனி ஆள் வரும்வரை பரிசோதனைச் சாலையில் தூசி படிய வேண்டியதுதான். திறந்த கருவியிலோ, கணக்குப் போட்ட வரியையே உபாத்தியாயர் மாணாக்கருக்குக் காட்டலாம். தவறென்று தோன்றினால் அவர்களே திருத்தியும் பார்க்கலாம். அயல்நாட்டுப் பெட்டியை வாங்கி அடுக்கிவைத்து விஞ்ஞானக் கல்வி என்று பெயரிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எடையை மின்னழுத்தமாக மாற்றும் லோட் செல் ஒன்றையும், அச்சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் சுற்றையும் இப்பெட்டியுடன் இணைத்து, முத்திரையிட்ட படிக்கற்களால் சரிபார்த்தால், கிழங்கின் அடர்த்தியை வாழப்பாடிப் பள்ளி மாணாக்கரே அளந்து காட்ட இயலும். வியாபாரத்துக்கு அது உதவாது. 2009-ம் வருஷத்து எடையளவுச் சட்டப்படி சர்க்கார் முத்திரை பெற்ற தராசே செல்லும். ஆனால் ஆலைக்கு வண்டி கட்டுமுன் தன் சரக்கின் தரம் இன்னதெனக் குடியானவன் தெரிந்துகொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஜில்லாக் கல்வி அதிகாரிகளும் விவசாய இலாகாவும் வரும் அறுவடைக்குள் ஒரு பள்ளியிலேனும் இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டுகிறோம்.