மேசையைத் தாண்டாத ஆய்வுகள்

கோவையில் பணியாற்றும் ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தை டெல்லி ஏற்பதும் மறுப்பதும் இரண்டாம் கட்டம். முதல் கட்டம் அவருடைய சொந்தக் கல்லூரியிலேயே முடிந்துவிடுகிறது. மத்திய நிதி நிறுவனங்களுக்கு அனுப்பும் முன்மொழிவோடு, நிறுவனத் தலைமை கையெழுத்திட்டு முத்திரை வைத்த ஒப்புதல் சான்றை இணைக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் போகும் வழியில் துறைத்தலைவர், ஆராய்ச்சிப் பிரிவு, ஆய்வுக் குழு என்று பல மேசைகள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியிடம் கேட்பதற்கே பூசாரியின் கையெழுத்து வேண்டும்.

சான்று கேட்பதில் தவறில்லை. ஆய்வகம், கணக்கு, தணிக்கை எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு. எனவே அது படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும். ஆனால், மறுக்கும்போது எழுத்தில் எதுவுமே இருப்பதில்லை. "பார்க்கலாம்", "அடுத்த முறை அனுப்புவோம்", "தலைப்பைக் கொஞ்சம் மாத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசித் தேதி போய்விடும். டெல்லி நிராகரித்தால் ஒரு மின்னஞ்சலாவது வரும். துறை அறையிலேயே நின்றுபோன முன்மொழிவுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் ஆசிரியர் நல்கையை 2016 முதல் 2020 வரை பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினர் 6 சதவீதம். பழங்குடியினர் 1 சதவீதத்துக்கும் குறைவு. 'நேச்சர்' இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்ட கணக்கு இது. நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம் என்கிறது 2011 கணக்கெடுப்பு. நல்கை பெற்றவர்களையாவது எண்ண முடிகிறது. எந்த நல்கையானாலும், விண்ணப்பம் வாசலைத் தாண்டாமல் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

மேசையில் நிற்பது ஆள் மட்டுமில்லை, தலைப்பும்தான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதி கறுப்பின ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, வெள்ளையர்களைவிடச் சுமார் 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதற்கு ஒரு காரணத்தை 2019இல் வந்த இன்னோர் ஆய்வு சொன்னது. சமூகத்தையும் மக்கள் நலத்தையும் சார்ந்த தலைப்புகளைக் கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் எடுக்கிறார்கள். அத்தகைய தலைப்புகளுக்கு நிதி கிடைப்பதே குறைவு.

கொங்கு மண்ணில் இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள்மேல் விழுந்து 17 தலித் மக்கள் இறந்தார்கள். அந்தச் சுவர் எப்படிக் கட்டப்பட்டது, அந்த உயரத்தை யார் கவனிக்காமல் விட்டார்கள், அதன் அடியில் வாழ வேண்டிய நிலை யாருக்கு, ஏன் வந்தது? கட்டடப் பொறியியல், நகரமைப்பு, சமூகவியல் மூன்றும் சேர்ந்து ஆராய வேண்டிய கேள்வி இது. இப்படி ஒரு தலைப்போடு துறைத்தலைவர் முன்னால் நின்றால், "இது ஆராய்ச்சியா, அரசியலா?" என்ற கேள்விதான் முதலில் வரும். நூற்பாலை விடுதிப் பெண்கள், தோட்டிகள் காலனி, தேநீர்க் கடையின் தனிக் குவளை ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் அதே கேள்விதான்.

அந்தக் கேள்வி எவ்வளவு அபத்தம் என்பதற்குச் சென்னை ஐஐடியே சாட்சி. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்காமல் சுத்தம் செய்யும் 'ஹோமோசெப்' இயந்திரம் அங்கே ஒரு மாணவரின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கியது. துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அதற்குத் துணை நின்றது. சேரியின் சாவு அங்கே பொறியியல் கேள்வியானது. கோவையிலும் ஆகலாம்.

முதன்மை ஆய்வாளராக நிரந்தரப் பணி வேண்டும் என்பது பல நல்கைகளின் விதி. முனைவர் பட்டம் பெற்றும் கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளும் நம் பிள்ளைகள் அந்த விதியிலேயே வெளியே நின்றுவிடுகிறார்கள். உள்ளே போனவர்கள் சிலர். அவர்களுக்கென்றே வரும் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர் நல்கைக்கும் நிறுவன ஒப்புதல் வேண்டும். அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2009இல் சட்டமாக்கியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஒதுக்கீடு வகுப்பறைக்கும் வேலைக்கும் உண்டு. முன்மொழிவைச் சலிக்கும் குழுவின் நாற்காலிக்கு இல்லை.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் பிரிவு 4(1)(டி), நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குப் பொது அமைப்பு தெரிவிக்க வேண்டும் என்கிறது. பல்கலைக்கழகமும் அரசுக் கல்லூரியும் பொது அமைப்புகளே. காரணம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி மாவட்டக் கல்லூரிகளுக்குத் தலைமையாக உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தில், 2022 அக்டோபரில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தபின் நீண்ட காலம் பொறுப்புக் குழுவே நிர்வாகம் நடத்தியது. தலைமை நிலையாக இல்லாதபோது, எழுதி வைத்த நடைமுறையும் இல்லையென்றால் மேசையில் இருப்பவரின் விருப்பமே விதியாகிவிடும். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இத்தனை முன்மொழிவுதான் அனுப்பலாம் என்று வரம்புள்ள திட்டங்களுக்கு, உள்போட்டியை அறிவித்துத் தேதி குறித்துத் தேர்வு செய்கிறார்கள். அங்கும் பாரபட்சம் உண்டு. ஆனால் எதைக் காட்டிக் கேள்வி கேட்பது என்பதற்கு ஒரு காகிதம் இருக்கிறது.

நமக்கும் அந்தக் காகிதம் வேண்டும். ஒப்படைத்த ஒவ்வொரு முன்மொழிவுக்கும் பதிவேட்டு எண்ணும் ஒப்புகைச் சீட்டும் தர வேண்டும். 7 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். சலிக்கும் குழுவில் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதி, பழங்குடிப் பேராசிரியர்கள் இடம்பெற வேண்டும். எத்தனை வந்தன, எத்தனை போயின, எத்தனை நின்றன என்பதைச் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதற்கு உயர்கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

அதுவரை நம் ஆய்வாளர்கள் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்ப வேண்டாம். முன்மொழிவைக் கடிதத்தோடு கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். பதில் வராவிட்டால், பிரிவு 4(1)(டி)யைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள்.