காய்ச்சல் விட்ட பிறகு

டெங்கு வந்து எழும்பிய பிள்ளையிடம் நம்மவர்கள் இரண்டில் ஒன்றையே சொல்கிறார்கள். "பொம்புளப் புள்ளைக்கு இந்தப் பாரம் தூக்குற வேல இனி எதுக்கு?" என்பது ஒன்று. "இல்ல விளையாட்டுப் போட்டி வருது, நாளைக்கே மைதானத்துக்கு வா" என்பது மற்றது. இரண்டையும் நான் ஏற்கமாட்டேன்.

2017இல் மட்டும் நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விடும். அசதியோ சிலருக்குப் பல வாரம் விடாது. குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருக்கையில் அடிபட்டால் குருதிக் கசிவு ஏற்படலாம். ஆகவே வைத்தியர் சொல்லும்வரை பாரத்தைத் தொடவே கூடாது.

அதன் பிறகு பயம் வேண்டாம். படுக்கையில் இழந்த பலம், முதன்முதலில் வந்ததைவிட விரைவாகவே திரும்பும். குண்டு போடுபவள் நான். 10 கிலோ தூக்கிய கையில் முதல் வாரம் 4 கிலோதான் எடுத்தேன். மறுநாள் காலையிலும் களைப்பு இருந்தால் பாரத்தைக் கூட்டவில்லை. வாப்பாதான் கொப்பியில் குறித்து வந்தார். (உம்மா இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை.)

கை முறிந்தவளுக்குக் காத்திருக்கிறோம். காய்ச்சலில் எழும்பியவளுக்கும் தெரிவுப் போட்டிக்கு வேறொரு திகதி கொடுத்தால் என்ன?