பழைய மின்தூக்கியும் பழகிய தறியும்

தமிழ்நாட்டில் நாம் ‘லிஃப்ட்’ என்றே சொல்லி வருகிறோம். ‘உயர்த்தி’ என்றொரு சொல்லும் உண்டு, வழக்கில் குறைவு. சிங்கப்பூரில் மட்டும் ‘மின்தூக்கி’ என்ற சொல் அரசு அறிவிப்பு, செய்தித்தாள், அன்றாடப் பேச்சு என எங்கும் வேரூன்றியிருக்கிறது. கலைச்சொல் ஆர்வத்தால் மட்டும் அது நிகழ்ந்திராது. வீட்டுக்கு வீடு மின்தூக்கியைப் பற்றிப் பேசியாக வேண்டிய காலம் ஒன்று அங்கே வந்தது. அந்தக் காலம் இப்போது காஞ்சிபுரத்துக்கும் வந்திருக்கிறது என்பதே எங்கள் கருத்து.

சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முற்காலத்தில் கட்டிய பல அடுக்குமாடிகளில் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்காது. இடையிடையே சில தளங்களில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் அங்கிருந்து படியேறியோ இறங்கியோ வீடு சேர வேண்டும். குடிபுகுந்தபோது இளைஞர்களாக இருந்தவர்கள் முதுமையடைந்தபோது அந்த இரண்டு மூன்று மாடிப் படிகளே மலையாயின. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு கட்டடத்திலும் வாக்கெடுப்பு நடந்தது. 75 விழுக்காட்டினர் ஒப்பினால்தான் பணி நடக்கும். செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. குடும்பத்தின் பங்கு 3000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மிகாதபடி வரம்பும் இருந்தது. 2006 பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சி வசமிருந்த ஹவ்காங், பொத்தோங் பாசிர் தொகுதிகளில் இம்மேம்பாடு தேர்தல் பேரமாகவே ஆயிற்று. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ‘இது எல்லோருக்கும் பொதுவான செலவு’ என்ற எண்ணம் அங்கே நிலைபெற்றது. நாம் கற்க வேண்டியது அதைத்தான்.

காஞ்சிபுரமோ கிடையாக வளர்ந்த ஊர். திண்ணை, நடை, தறிக்கூடம், பின்கட்டு என்று வீடு நீளுமே தவிர உயராது. குழித்தறி தரையில் பள்ளம் பறித்து அமைக்கப்படுவது. நெசவாளர் அதன் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை அழுத்துவார். மாடியில் குழி பறிக்க இயலாது. ஆகவே அடுக்குமாடிக்குக் குடிபெயரும் நெசவுக் குடும்பம் குழித்தறியைக் கீழே விட்டுவிட்டே ஏறுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் மிதித்துத் தேய்ந்த முழங்கால்கள் மட்டும் கூடவே ஏறுகின்றன.

அத்தகைய ஒருவருக்கு மூன்றாம் மாடியில் மின்தூக்கி நின்றுபோனால் என்ன நேரும்? வைகாசியில் வரதர் கருடசேவைக்குப் புறப்படும் விடியற்காலையில் அவர் தெருவில் நிற்க முடியாது. பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம் அவருக்கு மேளச் சத்தமாக மட்டும் வந்து சேரும். மருத்துவமனைக்குப் போவதானால் நாற்காலியில் அமர்த்தி நால்வர் சுமக்க வேண்டும். மின்தூக்கி ஆடம்பரம் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய மின்தூக்கி என்றாலே கயிறு அறுந்துவிடும் என்றுதான் பலரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு 1854இலேயே விடை கிடைத்துவிட்டது. நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் தாம் நின்றிருந்த மேடையின் கயிற்றை வெட்டச் செய்து, தம் பாதுகாப்புப் பிடி அதைத் தாங்கி நிறுத்துவதைக் காட்டினார். வடங்களையும் அப்பிடியையும் முறையாகச் சோதித்துவந்தால் அவற்றைவிடக் கதவே அதிகம் கவனிக்கத் தக்கது. இழுத்து மூடும் கம்பிக்கதவின் இடுக்கில் குழந்தையின் விரல் சிக்கும். தளத்தோடு மட்டமாக நில்லாமல் மூன்று விரற்கடை ஏறி நிற்கும் கூண்டு முதியவரை இடறிவிடும். மின்சாரம் போனால் இரு தளங்களுக்கு நடுவே இருளில் நிற்க வேண்டியதுதான்.

இவற்றுக்காக அனைத்தையும் பெயர்த்தெறிய வேண்டியதில்லை. கூண்டு ஓடும் இரும்புத் தண்டவாளங்களும் எதிர்எடையும் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே இருக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றி, மோட்டாரின் வேகத்தைச் சீராக்கும் கருவியைப் பொருத்தினால் கூண்டு மட்டமாக நிற்கும். தானே மூடும் கதவும், தடை கண்டால் விலகும் உணரியும் வைக்கலாம். மின்தடையின்போது மின்கலத்தின் துணையால் அருகிலுள்ள தளத்துக்குக் கூண்டைக் கொண்டுசேர்த்துக் கதவைத் திறக்கும் கருவியும் உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதைத் தகுதியுடையவர் சோதித்துச் சொல்ல வேண்டும். விற்பவர் சொல் ஒன்றே போதாது.

இவ்வூருக்கு இது புதிய பாடமன்று. புடவையின் கரையிலும் முந்தானையிலும் உருவம் நெய்ய, ஒரு காலத்தில் ‘அடை’ என்னும் நூற்கட்டை உதவியாளர் ஒருவர் இழுத்துப் பாவு இழைகளைத் தூக்கிக் கொடுப்பார். பின்னர் அவ்வேலைக்கு ஜக்கார்டு பெட்டி வந்தது. மேலே தூக்கும் பொறி மாறியது. கீழே தறி இருந்தது, கோர்வை நெசவும் இருந்தது. அச்சு தேய்ந்தால் அச்சையும், விழுது நைந்தால் விழுதையும் மாற்றுவார்களேயன்றித் தறியைக் கொளுத்த மாட்டார்கள். பாவு அறுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவரும் நல்ல நெசவாளராக மாட்டார்.

எஞ்சுவது ஒரே பூசல்: ‘தரைத்தளத்தில் இருக்கும் நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?’ கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். பயன்பாட்டை ஒட்டிப் பங்கில் சிறு வேறுபாடு வைப்பதை உறுப்பினர்கள் கூடிப் பேசலாம். ஆனால் முழு விலக்கு என்பது கூடாது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் தரைத்தளத்துக்கும்தான் வருகிறது. கூரை ஒழுகினால் மேல்மாடிக்காரர் மட்டும் செலவு செய்வதில்லை. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் குடியிருப்போர் சங்கத்தையும் பொது வசதிகளின் பொறுப்பையும் வலியுறுத்துகிறது. 1997ஆம் ஆண்டின் மின்தூக்கிச் சட்டப்படி மின்தூக்கியை நிறுவ அனுமதியும் இயக்க உரிமமும் வேண்டும். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கேட்பது ஒவ்வொரு குடியிருப்பாளரின் உரிமை.

ஆகவே நாங்கள் வேண்டுவது இவ்வளவே. மின்தூக்கி நின்றுபோன பிறகு அவசரத்தில் பணம் திரட்டாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். சோதனை அறிக்கையை அனைவரும் காணும்படி வாயிலில் ஒட்டுங்கள். வேலை நடக்கும் வாரங்களில் படியிறங்க முடியாதவர்களுக்கு மருந்தும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் குறியுங்கள். முடிவெடுக்கும் கூட்டத்தை, கீழே இறங்கிவர இயலாத மூத்தவரின் வீட்டுக் கூடத்திலேயே நடத்துங்கள். படியேறி வரும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். பேச்சு எளிதில் முடியும்.