எண்ணும் காரணமும்

இலண்டன் மாநகரைச் சூழ்ந்தோடும் எம் 25 பெருஞ்சாலையின் மேற்குப் பகுதியில், நெரிசலுக்கேற்ப வேக எல்லையை மாற்றிக் காட்டும் ஒளிப்பலகைகள் 1995ஆம் ஆண்டு தொடக்கம் உள. வழக்கமான எல்லை மணிக்கு 70 மைல். அது 60, 50 எனக் குறையுமிடத்துச் சாரதியர் பெரிதும் இணங்குவர். நெரிசலற்ற சாலையிலே 40 தோன்றினாலோ, பலகை பழுதுற்றதென ஐயுற்று, ஒருவர் தளர, மற்றவர் விரைவர். விபத்துக்கு வேறு வாயில் வேண்டுமோ? சிவப்பு வளையம் சூழ்ந்த எண் சட்டக் கட்டளையென்பதை அவர் அறிவர். அப்பால் வாகனங்கள் தேங்கியிருக்கலாம் என்பதையும் அறிவர். எனினும் கண்ணாற் காணாததை நம்பார். தடை நீங்கிய பின்னும் அகற்றப்படாத எண்களே இவ்வவநம்பிக்கையை வளர்க்கின்றன. ஆதலின், குற்றம் சாரதியர்மேல் மட்டுமன்று என்பேன். வகுப்பிலே "பேசாதே" என்று மட்டும் கூறிப் பயன் காணாத ஆசிரியர் என்னோடு உடன்படுவர். எண்ணின் அருகே காரணத்தையும் எழுதுக. காரணம் தீர்ந்த அக்கணமே எண்ணையும் அகற்றுக.