கட்டடத்திலிருந்து தரவுக்கு: விலகலா, நீட்சியா?

கட்டடக்கலை பயின்றோர் தரவுக் காட்சிப்படுத்தலுக்கும் எண்மிய வடிவமைப்புக்கும் செல்லும்போது, ஐந்தாண்டுப் படிப்பு வீணாயிற்று என்று வருந்தும் குரல் இந்தியக் கல்விப்புலத்தில் கேட்கிறது. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம், பதிவு பெற்றவர்க்கே ‘ஆர்க்கிடெக்ட்’ என்னும் பெயரை உரித்தாக்குகிறது. ஆனால் சட்டம் காப்பது பெயரை மட்டுமே. அப்படிப்பு தரும் பார்வை எந்தப் பதிவேட்டுக்கும் உட்பட்டதன்று.

அப்பார்வையின் பயனுக்குச் சான்றுகள் உள்ளன. கட்டடக்கலைஞர்களான அனுராதா மாத்தூரும் திலீப் த குன்ஹாவும், 2005ஆம் ஆண்டு மும்பை வெள்ளத்திற்குப் பின், அந்நகரை நிலமும் கடலும் கலக்கும் கழிமுகமாக வரைந்து 2009இல் காட்சிக்கு வைத்தனர். நியூயார்க்கில் லாரா கர்கன், சிறைப்பட்டோரின் வீட்டு முகவரிகளை வரைபடத்தில் இட்டு, சிறைச்செலவு எந்தத் தெருக்களில் குவிகிறது என்பதைக் காட்டினார்.

டெல்லியின் மயூர் விஹாருக்கும் இது பொருந்தும். 2023 ஜூலை 13 அன்று, பழைய ரயில் பாலத்தருகே யமுனையின் மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. 1978ஆம் ஆண்டின் உச்சம் 207.49 மீட்டர். இதனைக் கோட்டுப்படமாக வரைந்தால் நீர் உயர்ந்தது தெரியும். எவர்மீது உயர்ந்தது என்பது தெரியாது. கட்டடக்கலை மாணவர் முதலாண்டிலேயே கற்கும் குறுக்குவெட்டு வரைபடம் அதைச் சொல்லிவிடும். முதலில் ஆறு, அடுத்து வெள்ளச் சமவெளியின் காய்கறி வயல்களும் குடிசைகளும், பின்னர் கரைச்சாலை, அதற்கப்பால் அடுக்குமாடிக் குடியிருப்புகள். கரையின் ஒருபுறத்தார்க்கு அவ்வெள்ளம் செய்தி, மறுபுறத்தார்க்கோ வீட்டிழப்பு. வயல்களிலிருந்து வெளியேறியோர் மயூர் விஹாரின் சாலையோரக் கூடாரங்களில் தங்கினர்.

எனினும் இம்மாற்றத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் கேள்வி கேட்பார். படம் பிழைபட்டால் அதில் புள்ளியாகிப்போனவர் கேட்க வருவதில்லை. மனையை நேரில் அளக்கும் பழக்கத்தைக் கைவிட்டுத் திரைக்குச் செல்பவர், தம் துறையின் தலையாய பண்பையே இழக்கிறார்.

ஆகவே கட்டடக்கலைப் பள்ளிகள் இம்மாணவரை விலகியோராகக் கருதாமல், தரவு வரைபடத்தையும் இறுதியாண்டு ஆய்வேடாக ஏற்க வேண்டும். ஒரு நிபந்தனை போதும்: படத்தில் இடம்பெறும் நிலத்தை மாணவர் நடந்து அளந்திருக்க வேண்டும், அங்கு வாழ்வோரிடம் அப்படத்தைக் காட்டியிருக்க வேண்டும்.