ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன விலை?



ஆரணியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். பட்டு நெசவுக் குடும்பம். கல்லூரியில் படிக்கும் மகன் 1,20,000 ரூபாய்க்கு ஒரு கணினிப் பட்டியலை நீட்டியிருக்கிறானாம். கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர், 32 ஜிபி ராம், வண்ண விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி. அடியில் சின்ன எழுத்தில், ‘டிசைன் போடவும் உதவும்ப்பா’. அப்பா என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “இது செலவா, முதலா?”

அந்த அடிவரியை ரசித்தேன். முழுப் பொய்யும் இல்லை. தறியின் ஜக்கார்டு பெட்டிக்கான டிசைன் இப்போது கணினியில்தான் உருவாகிறது. ஆனால் புட்டாவும் கரையும் வரைவதற்குச் சாதாரணக் கணினியே போதும். ஆகவே தம்பி, விளையாடத்தான் கேட்கிறாய் என்று வைத்துக்கொண்டே பேசுவோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சினிமாவுக்குச் செலவழிக்காத வீடு நம் ஊரில் ஏது?

ஐயா, உங்கள் பயத்தில் ஒரு பாதியை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன். காசு கட்டி ஆடும் ரம்மி வகையறா வேறு, இது வேறு. அந்தச் சூதாட்டத்தைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. உங்கள் மகன் கேட்பது ஒருமுறை விலை கொடுத்து வாங்கி வீட்டில் ஆடுவது.

இனி பட்டியலுக்கு வருவோம். இதில் பெரிய தொகை கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் போகும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 அமெரிக்காவில் 299 டாலர் விலையில் 2025 மே மாதம் வந்தது. அதே வரிசையின் உச்சியில் இருக்கும் 5090க்கு 1,999 டாலர். இங்கே வந்து சேரும்போது இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கைமாறும் ஒவ்வொருவரின் லாபமும் ஏறிக்கொள்ளும். 5060ஐப் போல 5090க்கு விலை ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆட்டமும் ஏழு மடங்கு நன்றாக இருக்குமா? வழக்கமான 1080பி திரையில் ஆடுகிறவனுக்கு அந்தக் கூடுதல் பலத்தின் பெரும்பகுதி வீண். ஸ்டீம் என்ற ஆன்லைன் ஆட்டக் கடை மாதாமாதம் எடுக்கும் கணக்கில் உலகம் முழுவதும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தத் திரையில்தான் ஆடுகிறார்கள்.

கடைக்காரர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. 5060 இழுப்பது 145 வாட். 5090 இழுப்பது 575 வாட். மற்ற பாகங்களையும் திரையையும் சேர்த்து, சிறிய கார்டு போட்ட கணினி சுமார் 300 வாட் எடுக்கும். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். பெரிய கார்டோடு 800 வாட் என்று வைத்தால் 144 யூனிட். வீட்டுக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைத் தம்பி ஒருவனே தின்று தீர்த்துவிடுவான்.

இந்தச் சந்தையில் பொறுத்தவனுக்கு லாபம் உண்டு, ஆனால் எப்போதும் இல்லை. 2021 பிப்ரவரியில் 329 டாலர் என்று அறிவித்து வந்த ஆர்டிஎக்ஸ் 3060, கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனதால் அந்த விலைக்குக் கண்ணிலேயே படவில்லை. காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். இப்போது அந்த இடத்தில் ராம் நிற்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரி சிப்பை மொத்தமாக வாங்குவதால் 2025 கடைசியில் விலை தாறுமாறாக ஏறியது; இங்கே காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. எனவே 32 ஜிபியை அடித்துவிடுங்கள், 16 போதும். ஒன்று கவனித்தேன். தம்பி மிச்சம் பிடித்திருக்கும் ஒரே இடம், பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்; பெயர் தெரியாத ஒன்றைப் போட்டிருக்கிறான். அங்கே மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. அது புகைந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆட்டங்களின் விலையிலோ பொறுமைக்கு எப்போதும் மதிப்பு உண்டு. சைபர்பங்க் 2077 என்ற ஆட்டம் வெளிவந்தது 2020 டிசம்பர் 10. பிழைகள் மலிந்து கிடந்ததால் சோனி ஒரு வாரத்திலேயே தன் கடையிலிருந்து அதை எடுத்தது. ஆட்டம் உருப்படியானது 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தத்துக்குப் பிறகு. முதல் நாள் முழு விலை கொடுத்தவருக்குக் கிடைத்தது மோசமான ஆட்டம். மூன்று வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கியவருக்கு நல்லது. ஜிடிஏ 5 ஆட்டத்தை எபிக் என்ற ஆன்லைன் கடை 2020 மே மாதம் இலவசமாகவே கொடுத்தது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினியில் ஜிடிஏ வைஸ் சிட்டி ஓட்டிய தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஆட்டம் 2002இல் வந்தது. அவர்கள் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கணக்கை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘மணிக்கு எத்தனை ரூபாய்’ என்ற கணக்கு. ஆட்டக்காரப் பிள்ளைகளுக்கு இது வேதம். எரிக் பரோன் என்ற ஒற்றை மனிதர் உருவாக்கி 2016இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி ஆட்டத்தின் விலை 15 டாலர். அதைப் பல நூறு மணி நேரம் ஆடியவர்கள் உண்டு, மணிக்குச் சில ரூபாய்தான் விழும். அதே 15 டாலருக்கு டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்து கிடக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்று நாம்தான் யோசித்து அடுக்க வேண்டும். சமைக்கச் சமைக்க, மகன் தமிழை விட்டு விலகிப்போவது தெரிகிறது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. இருந்தும், “இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு விலையா?” என்ற முணுமுணுப்பு வராமல் இல்லை.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நல்ல விதிதான். ஆனால் ‘வெண்பா’வைக் கடைசிக் காட்சி வரை ஆடிவிட்டும் அப்படிக் கேட்க முடியும். அதைச் சிக்கனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முகூர்த்தப் புடவையின் விலையை, கட்டிய தடவைகளால் வகுத்துப் பார்த்தால் ஆரணியில் ஒரு தறியும் ஓடாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐயா, உங்கள் கேள்விக்கு என் பதில் இது செலவுதான், முதல் அல்ல. ஆனால் செய்யத் தகுந்த செலவு. கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் போகட்டும். 5060 அளவில் ஒரு கார்டு, நல்ல எஸ்எம்பிஎஸ், 16 ஜிபி ராம் இருக்கட்டும். பெரிய ஆட்டங்களைத் தம்பி இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கட்டும். ‘வெண்பா’வை மட்டும் தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் முழு விலை கொடுத்து வாங்குங்கள். அன்று நீங்களும் வீட்டம்மாவும் அவன் பக்கத்தில் உட்காருங்கள், இட்லித் தட்டு அடுக்க அவனுக்குத் தெரிந்திருக்காது.

மற்ற ஊர் வாசகர்களும் பிள்ளைகள் நீட்டிய பட்டியலை எங்களுக்கு அனுப்பலாம். எதை அடித்தீர்கள், எதை விட்டுவைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்